இடது பக்கம் கம்மியாகக் கேட்கிறது

தம்பி,

தீபாவளிக்கு வீடு துடைக்கும் சாக்கில் உன் அறை அலமாரி மேலிருந்த பழைய ஆம்ப்பை, ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற அந்தப் பெட்டியை, இன்று காலை இறக்கினேன். என் துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருந்தாய். அந்தத் துண்டைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக் கொடியைக்கூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். பிரித்ததும் அந்த வாசம் வந்தது. சூடேறி ஆறிய தூசியும் ஈயமும் கலந்த வாசம். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியும் இப்படித்தான் மணக்கும். பின்பக்கத்தைத் துடைக்கலாம் என்று திருப்பினேன். திருப்பியவள் துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. உலுக்க நீ இல்லை. போன ஆடியில் உன் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். நீ படுத்திருந்த மாதங்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல், உனக்கு முன்னாலேயே எதுவும் தெரியாது என்பதுதான். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னேன்: “பாவம், தெரிஞ்சிருந்தா போயிருப்பான், தெரியாமத்தான லேட் ஆயிடுச்சு.” அந்த ஆறுதலையும் இந்த ஆம்ப்பின் முதுகு இன்று பிடுங்கிக்கொண்டது. முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் திட்டுவது என்று வந்துவிட்டால் ஒழுங்காகத் திட்ட வேண்டும்.

உன் மச்சான் தவறிய பிறகு, அக்கா தனியாக இருக்கக் கூடாது என்று பாகான் டாலாம் வீட்டைக் காலி செய்துவிட்டு நான் இருந்த ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்கு வந்தாய். துணைக்கு வந்தவன் இரண்டு ஸ்பீக்கரோடு வந்தாய். லோரியில் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், உன் மடியில் இன்னொன்று. துணிமணியும் பாத்திரமும் பின்னால் மழையில் நனைந்தபடி கடல் பாலத்தைத் தாண்டி வந்தன. அவ்வளவு பொத்திக்கொண்டு வந்தும் லிஃப்ட் கதவில் இடித்து ஒன்றின் மூலை பெயர்ந்தது. நீ அதைத் தடவிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும், இந்த வீட்டில் இனி யாருக்கு மரியாதை என்று.

பிறகு ஹால் உன்னுடையதாயிற்று. நடுவில் உன் பிரம்பு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது, பாட்டு ஓடும்போது குறுக்கே நடக்கக் கூடாது. ஒருநாள் என் சாமி மேடையை நகர்த்தச் சொன்னாய். சத்தம் அதில் பட்டுத் திரும்புகிறதாம். “முருகன் எங்கயும் போக மாட்டாரு, ஒன் ஸ்பீக்கர் வேணா போகட்டும்” என்றேன். அந்த ஒரு சண்டையில்தான் நான் ஜெயித்தேன். மற்றபடி மூலை பெயர்ந்த ஸ்பீக்கர் ஜன்னல் பக்கம், அதாவது உனக்கு இடது கைப்பக்கம். நல்லது சாமி மேடைப் பக்கம். அதில்கூட எனக்கு ஒரு திருப்தி.

அப்புறம் அந்தப் புலம்பல் ஆரம்பித்தது. “அக்கா, இடது பக்கம் கம்மியா கேக்குது.”

முதலில் வயர்மேல் பழி. ஆம்ப்புக்கும் சிடி பெட்டிக்கும் நடுவே ஓடும் வயரை மாற்றினாய். புது வயர் பழக வேண்டும் என்று நீ வேலைக்குப் போன பிறகும் பாட்டை ஓடவிட்டுப் போனாய். யாருமில்லாத நாற்காலிக்கு நாளெல்லாம் ஒரு நாதஸ்வரம். நான் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டவள்போல் இருந்தேன். அடுத்து, வயர் தரையில் படக் கூடாது என்றாய். என் துணிக் கிளிப்புகளை வரிசையாக நிற்க வைத்து அவற்றின் மேல் வயரைப் படுக்க வைத்தாய். துணி காயப்போடக் கிளிப் இல்லாமல் என் கைலி பறந்து கீழ் மாடிக்காரர் ஏர்கான் மேல் விழுந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னால், “கொஞ்சம் இருக்கா, இப்பத்தான் மேடை தெரியுது” என்று கண்ணை மூடிக்கொண்டாய். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரிகிறதாம். என் கைலி எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரிந்தது.

அத்தனைக்குப் பிறகும் இடது பக்கம் கம்மி. என்னை நாற்காலியில் உட்கார வைத்தாய். அது எனக்குக் கிடைத்த பெரிய பதவி.

“இப்ப சொல்லு. எந்தப் பக்கம் கம்மி?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது.”

“நல்லா கேளுக்கா.”

“நல்லாத்தான் கேக்குறேன். ஒண்ணாத்தான் இருக்கு லா.”

“ஃபேக்டரி சத்தத்துல ஒன் காது போச்சு. போய் டாக்டர்கிட்ட காட்டு.”

நானும் போனேன். அதை நினைத்தால்தான் இன்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். அழுத்தினேன். இந்த வயசுக்கு உங்கள் காது ரொம்ப நல்ல காது என்று சொல்லி அனுப்பினார்கள். நம் இரண்டு பேரில் காதுக்காக டாக்டரிடம் போனவள் நான். திரும்பி வந்து சொன்னேன். “அப்படியா, நல்லது” என்று மட்டும் சொன்னாய். நீ எதிர்த்துப் பேசாததை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, அன்று பெருமையாகப் பாயாசம் வைத்தேன்.

பிறகு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனோம். மார்க்கெட் பின்னால் மோட்டார் ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே கடை வைத்திருக்கிற சீனர். திறந்து பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், தன் கடை ஸ்பீக்கரில் போட்டும் காட்டினார். “தா அடா ரோசாக், பாங். பாகுஸ் லாகி.” கெடவே இல்லை, இன்னும் நன்றாக இருக்கிறது என்று மலாயில் அத்தனை பொறுமையாகச் சொன்னார். நீ அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, “அவனுக்கு டிவி ரிப்பேர்தான் தெரியும், மியூசிக் தெரியாது” என்றாய்.

எனக்குப் பொறுமை போயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் டெஸ்ட் லைனில் நின்றவள் நான். அங்கே வேலையே இதுதான். ஒன்று ஓடவில்லை என்றால் யாரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டோம். நன்றாக ஓடுகிற இடத்தில் அதை மாற்றிப் போடுவோம். குறை கூடவே போனால் சாமான் கெட்டது. குறை அங்கேயே நின்றால் இடம் கெட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். அதனால் ஆம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பழையபடி மாட்டிய பிறகு, நகப்பூச்சுப் புட்டியை எடுத்து இடது ஸ்பீக்கருக்குப் போகிற வயரின் இரண்டு முனையிலும் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு வைத்தேன். சாவிக்கும் கேஸ் திருகுக்கும் வைக்கிற அதே பொட்டு.

“பின்னாடி இடதையும் வலதையும் மாத்தி சொருவிப் பாரு. கம்மி வலது பக்கம் போனா ஆம்ப் கோளாறு. போகலன்னா ஆம்ப் நல்லா இருக்கு. அஞ்சு நிமிஷ வேல.”

“வேணாம்.”

“நீ செய்ய வேணாம். நான் செய்றேன். நகரு.”

“தொடாதேங்கறேன்ல” என்று கத்தினாய். வாழ்நாளில் நீ என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். எனக்கும் ரோஷம் வந்தது. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ பதிலுக்கு ஏதாவது சொல்வாய், நான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

தைப்பூசம் முடிந்த அந்த வாரமே புது ஆம்ப் வந்தது. தூக்க முடியாத கனம். கூடவே விரல் தடிமனுக்குப் புது வயர். பழைய வயரைக் கழற்றக்கூட உனக்குப் பொறுமையில்லை. ஸ்பீக்கர் முனையை மட்டும் உருவிவிட்டு, ஆம்ப்போடு சேர்த்துச் சுருட்டி, என் துண்டில் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டாய். புது ஆம்ப்பில் பேலன்ஸ் நாபை, சத்தம் இடது பக்கம் கூடும்படி திருகி வைத்துப் பாட்டுக் கேட்டாய். நான் ஹாலுக்கு வந்தால் எல்லாரும் ஜன்னல் ஓரமாகப் போய் நின்று பாடுவதுபோல் இருந்தது.

“இப்ப சரியாயிடுச்சா?” என்றேன்.

“சரியாயிடும்க்கா.” கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னாய்: “ஆம்ப்னா மாத்திக்கலாம்ல.”

அதில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. சாப்பிட வா என்றேன்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது உன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சூடு என்றாய். கழுத்தில் ஒரு கட்டி இருந்ததைச் சட்டைக் காலர் மறைத்திருந்தது. நான் சண்டை போட்டு, காடிக்குள் உன்னைத் தள்ளாத குறையாக ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்று வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வகை பல பேருக்கு முதலில் ஒரு பக்கக் காதைத்தான் அடைக்கும், காதுக்குள் நீர் கட்டும் என்றார். உன்னைப் பார்த்துக் கேட்டார், இடது காது எவ்வளவு நாளாக மந்தமாக இருக்கிறது என்று.

“ரெண்டு வாரம் இருக்கும் டாக்டர்” என்றாய்.

எனக்கு அப்போதே உறைத்தது. இடது பக்கம் என்ற வார்த்தையை அந்த வருஷம் முழுவதும் கேட்டவள் நான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. இவனுக்கும் இப்போதுதான் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவி, அதைத்தானே நான் இத்தனை நாள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஆம்ப்பைத் திருப்பினால், ரோஸ் பொட்டு வைத்த வயர் வலது ஸ்பீக்கருக்கான பக்கத்தில் முறுக்கி இருக்கிறது. நல்லா இறுக்கமாக, நீ முறுக்குகிற மாதிரி. பொட்டில்லாத வயர் இடது பக்கத்தில். ரிப்பேர் கடையிலிருந்து வந்த பிறகுதான் பொட்டே வைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஆம்ப்பை யாரும் தொடவில்லை, உன்னைத் தவிர. நான் கோபித்துக்கொண்டு அடுப்படியில் இருந்தபோதோ, பாசாருக்குப் போன நேரத்திலோ, நான் சொன்னதை நீ செய்து பார்த்திருக்கிறாய்.

எழுந்து ஹாலுக்குப் போனேன். லைனில் நின்ற புத்தி சும்மா இருக்குமா. ஆம்ப் இல்லை என்று தெரிந்தால் அடுத்தது ஸ்பீக்கரைத்தானே சந்தேகப்பட வேண்டும். ஜன்னல் பக்கம் இருந்த மூலை பெயர்ந்த ஸ்பீக்கர் இப்போது சாமி மேடைப் பக்கம் நிற்கிறது. வலது பக்கம். தினமும் விளக்கேற்றுகிற இடம், வாரம் ஒரு தடவை தூசி தட்டுகிற ஸ்பீக்கர், என் கண்ணில் படவே இல்லை. அதையும் மாற்றிப் பார்த்திருக்கிறாய். எதை எங்கே மாற்றினாலும் குறை இடது பக்கமே நின்றிருக்கிறது. ஆம்ப் இல்லை, வயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. அதற்கு மேல் அந்த ஹாலில் மாற்றிப் போட என்ன மிச்சம் இருந்தது? பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீதான்.

அதைத் தெரிந்துகொண்டு, தம்பி, நீ கடைக்குப் போய்ப் புது ஆம்ப் வாங்கியிருக்கிறாய். விரல் தடிமனுக்கு வயர் வாங்கியிருக்கிறாய். தைப்பூசத்திலிருந்து தீபாவளி வரை எத்தனை மாதம். ஜெலுத்தோங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், மோட்டாரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். நான் கூட வந்திருப்பேன். கண்ணாடி அறைக்குள் எப்படி உட்கார வேண்டும் என்றுகூடச் சொல்லியிருப்பேன், எனக்குத்தான் அனுபவம் இருந்ததே. அப்போதே போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று நான் டாக்டரைக் கேட்டேன். அவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னார். அந்தப் பொதுவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மடையா. உன்னை வேறெப்படிச் சொல்ல. “ஆம்ப்னா மாத்திக்கலாம்ல” என்று சொன்னபோது என்னிடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறாய். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். நீயும் எழுந்து வந்து, மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாய். உன்னோடு எனக்கு இன்னும் நிறையச் சண்டை இருக்கிறது. அரிசி களைய வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

*

மேலே எழுதியதை நிறுத்தி நாலைந்து நாள் ஆகிவிட்டது. அரிசி களையப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அரிசியில் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன், சரியாகத் தெரியவில்லை. பல்பு மங்கலாக இருக்கிறது என்று வாய் விட்டே முனகினேன். முனகிய பிறகுதான் சுருக்கென்றது. அந்தப் பல்பை இந்த வருஷத்திலேயே ஒருமுறைக்கு மேல் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட வெளிச்சமானது. கடைக்காரரிடம், இப்போது வருகிற பல்பெல்லாம் போலி என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். பஸ் நம்பர் தெரியாமல் இரண்டு தடவை தவறான பஸ்ஸில் ஏறியதற்கு, பஸ் கண்ணாடியைக் கழுவுவதில்லை என்று கம்பெனிமேல் பழி போட்டிருக்கிறேன்.

பானையைக் கீழே வைத்தேன். உன்னைக் காலையிலிருந்து திட்டிய வாய் மூடிக்கொண்டது. இடது கண்ணைக் கையால் பொத்தினேன். அடுப்படி முழுவதும் பனிமூட்டம், ஜன்னல் எங்கே என்றே தெரியவில்லை. வலது கண்ணைப் பொத்தினேன். வண்டுகூடத் தெரிந்தது. பல்பு நன்றாக இருக்கிறது.

நம் குடும்பத்தில் யாருக்கும் இதற்கு மேல் புத்தி வராது போலிருக்கிறது. உடனே போனேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் வீட்டைத் துடைத்தேன். முறுக்குக்கு மாவு அரைத்தேன். தீபாவளி முடியட்டும், விருந்தாளிகள் வருவார்கள், இப்போது போய் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. போகாதவரை அது பல்புதான். போனால் அது வேறு ஏதோ ஆகிவிடும். மூன்றாம் நாள் உன்மேல் இருந்த ஆத்திரத்தில்தான் செருப்பை மாட்டினேன். இவன் செய்ததையே நானும் செய்தால் இவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பஸ் ஏறினேன். இந்தத் தடவை சரியான பஸ்தானா என்று பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

கண் டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். வலது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “சுடா பெராப்பா லாமா, ஆன்ட்டி?” எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இரண்டு வாரம் என்று சொல்லத்தான் என் வாய் போனது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டால் பழி இல்லை, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், இரண்டு வாரத்தில் பெரிதாக எதுவும் வந்திருக்காது என்று நானே நம்பிக்கொள்ளலாம். நீ அன்றைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து என்ன செய்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ டாக்டரை ஏமாற்றவில்லை, என்னையும் ஏமாற்றவில்லை. இரண்டு வாரமாகவே இருந்துவிடட்டும் என்று கெஞ்சியிருக்கிறாய்.

“ஒரு வருஷத்துக்கு மேலே இருக்கும்” என்றேன். “பல்புன்னு நெனச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால் இல்லை, அது என்னோடு இருக்கும். பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டாவது அது என்னை அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூட்டிப்போகும். ஆனால் அந்த அறையில், அந்த ஒரு நிமிஷம், உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அக்கா